பாஸ்வேர்டு மறந்த பேராசிரியர்

பாஸ்வேர்டு மறந்த பேராசிரியர் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் எல்லாத் துறைகளிலும் இருப்பவர். வயது ஐம்பதுக்கு மேல், பெரும்பாலும் துறைத்தலைவர். இவரை ஞாபகமறதிக்காரர் என்று சொல்வது அநியாயம். முப்பது வருஷத்துக்கு முன்னால் எந்தப் பையன் எந்த பெஞ்சில் தூங்கினான் என்பது இவருக்கு நினைவிருக்கும். பணிமூப்பில் தன்னை முந்தியவர் வேலையில் சேர்ந்தது முற்பகலா பிற்பகலா என்பதையும் சொல்வார். பாஸ்வேர்டை மட்டும் மறந்துவிட்டார் என்கிறார்கள். அதுகூடச் சரியில்லை. மறப்பதற்கு அது அவருக்கு என்றைக்கும் தெரிந்திருக்கவில்லை.

பல்கலைக்கழகம் எல்லோருக்கும் மெயில் ஐடி கொடுத்த நாளில் அவருடைய கணக்கைத் திறந்தவர் அப்போதைய ஆராய்ச்சி மாணவர். பாஸ்வேர்டு வைத்தவரும் அவரே. மீட்புக்கான செல்போன் எண் கேட்ட இடத்தில், கைடு வகுப்பில் இருந்ததால், தன் எண்ணைப் போட்டுவிட்டார். பிறகு வைவா முடிந்து தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குப் போனார். போகும்போது பாஸ்வேர்டை அடுத்தவரிடம் ஒப்படைத்தார். அவர் தனக்கு அடுத்தவரிடம். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு ஆராய்ச்சி மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது யு.ஜி.சி. விதி. அவர் பாஸ்வேர்டை எத்தனை பேர் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு விதி எதுவும் வரவில்லை.

கணக்கும் ஒன்றல்ல. மெயில் ஒன்று, வளாக வைஃபை ஒன்று, மதிப்பெண் பதிவுக்கு ஒன்று. வீட்டிலிருந்து ஆய்விதழ் படிக்க காந்திநகர் இன்ஃப்ளிப்நெட்டின் இன்ஃபெட் கணக்கு. தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்க வித்வான் தளம். போதாததற்கு, ஆய்வாளர் அடையாளமாகப் பதினாறு இலக்கத்தில் ஆர்கிட் எண். இவற்றின் பாஸ்வேர்டுகளில் பாதியையாவது அவர் டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்துத்தான் வைத்திருப்பார். எல்.ஐ.சி. பாலிசி எண்ணுக்கும் சம்பந்தி வீட்டு விலாசத்துக்கும் நடுவே அவை இருக்கும். ஆனால் பாதுகாப்புக் கருதி எது எதற்கு என்று எழுதியிருக்க மாட்டார்.

இன்டர்னல் மார்க் ஏற்றும் கடைசி நாள், தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வரும் வாரம் ஆகிய காலங்களில் இவரைத் தெளிவாகக் காணலாம். முதல் இரண்டு தடவை தப்பாகும்போது கேப்ஸ் லாக் மேல் பழி விழும். அடுத்து சர்வர் மேல். அதற்கும் அடுத்து, பழுதென்று பெயர் வாங்கிய கீபோர்டு மேல். கணக்கு பூட்டிக்கொண்ட பிறகுதான் கணினி மையத்துக்கு போன் போகும்.

“தம்பி, பாஸ்வேர்டு போட்டா எடுக்க மாட்டேங்குது.”

“ரீசெட் பண்ணித் தர்றேன் சார்.”

“ரீசெட்டெல்லாம் வேணாம்ப்பா. பழசு என்னன்னு பார்த்துச் சொல்லு, போதும்.”

“அது எங்களுக்கே தெரியாது சார்.”

“சிஸ்டம் உங்ககிட்டதானே இருக்கு?”

இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் உண்டு. ஆனால் போனில் யாரும் அதைச் சொல்வதில்லை. ஒழுங்காக நடத்தப்படும் கணினி பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அதை ஒருவழிக் கணக்கில் உருமாற்றி, வந்த விடையை மட்டும் வைத்துக்கொள்ளும். விடையிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. யூனிக்ஸில் இது எப்படி நடக்கிறது என்பதை ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-இலேயே கட்டுரையாக எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய காலம் வேறு மாதிரி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சி.டி.எஸ்.எஸ். என்ற பொதுக் கணினியில் எல்லோருடைய பாஸ்வேர்டும் ஒரே கோப்பில் பச்சையாகக் கிடந்தது. 1960-களில் ஒருநாள் அந்தக் கோப்பும் அன்றைய வரவேற்புச் செய்தியும் இடம் மாறிப்போயின. உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் ஊரார் பாஸ்வேர்டு முழுவதும் அச்சாகி வந்தது. நம் பேராசிரியர் ஏங்குவது அந்தப் பொற்காலத்துக்குத்தான்.

ரீசெட்டுக்கு எழுத்துமூலம் விண்ணப்பம் வேண்டும். அதுவும் துறைத்தலைவர் வழியாக வரவேண்டும். துறைத்தலைவர் இவரே. எனவே “அனுப்புநர்” என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, கீழே பணிவுடன் கையெழுத்திடுவார். பிறகு தாளைத் திருப்பி, “பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது” என்று பச்சை மையில் எழுதி, முத்திரை குத்தி, சற்று அதிகாரமாக இன்னொரு கையெழுத்திடுவார். இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோல் இருக்காது.

விண்ணப்பம் நகர்வதற்குள் புத்திசாலி மாணவர் யாராவது “பாஸ்வேர்டை மறந்துவிட்டீர்களா” என்பதை அழுத்திவிடுவார். ஓ.டி.பி. நேராகத் தருமபுரிக்குப் போகும். அங்கே பழைய மாணவர் வகுப்பில் இருப்பார். போன் சைலன்ட்டில் கிடக்கும். மூன்றாவது அழைப்பில் பதறிப்போய் வெளியே வந்து எடுப்பார். உடனே எண்ணைக் கேட்பது மரியாதையா? “நல்லா இருக்கியாப்பா? பாப்பா ஸ்கூல் போறாளா? மிஸஸ் நெட் பாஸ் பண்ணிட்டாங்களா?” என்று விசாரித்து முடித்து, “உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாரு” என்பார். மாணவர் ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். இவரும் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டுவார். காலாவதி என்று திரை சொல்லும். திரும்பக் கேட்டால் திரும்பவும் தருமபுரிக்குத்தான். இந்த முறை குசலம் விசாரிக்க மிச்சமில்லாததால் கதவு திறந்துவிடும்.

இனிப் புதிய பாஸ்வேர்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் வேண்டும். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இவர் குலதெய்வத்தின் பெயருக்குப் பின்னால் @1 போடுவார். அடுத்த முறை @2. இப்படியே @11 வரை போனவர்கள் உண்டு. இதில் இவரைக் குறை சொல்ல முடியாது. இப்படிப்பட்ட விதிகளை 2003-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக எழுதிய பில் பர் என்பவரே, 2017-இல் அதற்காக வருந்துவதாகப் பேட்டி கொடுத்தார். அந்த நிறுவனமும் அதே ஆண்டு, காரணமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள் என்று தன் வழிகாட்டுதலைத் திருத்திக்கொண்டது. சேதி நம் சர்க்குலர்களை எட்டப் பொதுவாகச் சில காலம் பிடிக்கும்.

ஓய்வு பெறும் மாதத்தில் நிலுவையில்லாச் சான்றில் நூலகமும் ஆய்வகமும் கையெழுத்திட்ட பிறகு கணினி மையத்தின் முறை வரும். பழைய மெயில்களை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். எடுக்க வேண்டுமானால் உள்ளே போக வேண்டும்; உள்ளே போக வேண்டுமானால் தருமபுரி. அதன் பிறகு கணக்கு மூடப்படும். வங்கிக் கணக்குக்கும் அதே மெயிலைத்தான் கொடுத்திருக்கிறோம் என்பது அடுத்த மாதம் தெரியவரும்.

ஓய்வூதியரானதும் ஆண்டுதோறும் உயிருடன் இருப்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கு 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் முறையில் பாஸ்வேர்டே இல்லை. அதன் இடத்தில் ஆதார் எண்ணும் விரல் ரேகையும். ரேகை தேய்ந்தவர்கள் 2021 முதல் முகத்தைக் காட்டலாம். பதிவு முடிந்ததும் குறுஞ்செய்தி, கொடுத்த செல்போன் எண்ணுக்கு வரும். கொடுத்தது எந்த எண் என்பதை இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கேட்டால் தெரியும்.