அடுத்த வருஷம் கிளம்பும் துரை

தாய்லாந்து வளைகுடாவை ஒட்டிய ஹுவா ஹின்னில் துரையைத் தேடி அலைய வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்கு எந்தக் கடையில் முட்டை, சாசேஜ், பீன்ஸ், வதக்கிய தக்காளி எல்லாம் ஒரே தட்டில் வருகிறதோ, அந்தக் கடையில் இருப்பார். அரை டிராயர், ரப்பர் செருப்பு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. "எப்படி இருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். "நல்லாத்தான் இருக்கேன். இந்த ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் ஊருக்கே போயிடறதா இருக்கேன்" என்பார். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அவரும் அடுத்த வருஷம் போகிறவர்தான்.

துரை என்பது ஒருவர் அல்ல, ஒரு ரகம். பட்டாயாவிலும் உண்டு, மலைக்காற்று வேண்டும் என்று சியாங் மாய்க்குப் போனவர்களிலும் உண்டு. (சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கிற புகையில் மலையும் தெரியாது, மூச்சும் விட முடியாது. அந்த நாட்களில் அங்கத்திய துரை ஹுவா ஹின் துரையின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, போகிற நாளைச் சொல்லாமல் இருப்பார்.) நாம் எடுத்துக்கொள்வது சராசரித் துரையை. வட இங்கிலாந்துக்காரர். பஸ் டிப்போவில் மேற்பார்வையாளராகவோ, பள்ளிக்கூடத்தில் மரவேலை வாத்தியாராகவோ இருந்தவர். 2016இல் 65 வயது முடிந்து, பென்ஷன் வர ஆரம்பித்த கையோடு வீட்டை விற்றுவிட்டு வந்து சேர்ந்தவர்.

துரையிடம் ஒரு நோட்டு உண்டு. இடது பக்கம் 'இங்கே', வலது பக்கம் 'அங்கே'. இங்கே: வெயில், கடல், மாம்பழம், மலிவான மசாஜ். அங்கே: பேரப்பிள்ளைகள், இலவச வைத்தியம், ஆபீஸ் குமாஸ்தா திட்டினாலும் புரிகிற பாஷை. தாய்லாந்தில் பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை மது விற்கக்கூடாது என்று நெடுங்காலமாக ஒரு விதி இருந்தது. நோட்டில் பாதிக் கணக்கு அந்த மூன்று மணி நேரத்தில் எழுதப்பட்டதுதான்.

அடித்து அடித்து எழுதிய பக்கம் பென்ஷன் பக்கம். பிரிட்டனின் அரசுப் பென்ஷன் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறும். உள்நாட்டில் இருப்பவருக்கு ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவருக்கும் அமெரிக்காவில் இருப்பவருக்கும் ஏறும். தாய்லாந்தில் குடியேறியவருக்கு ஏறாது. வந்து இறங்கியபோது என்ன தொகையோ அதுதான் கடைசிவரை. 2016இல் புதிய பென்ஷனின் முழுத்தொகை வாரத்துக்கு 155.65 பவுண்ட். 2025 ஏப்ரலில் அது 230.25 பவுண்டாகிவிட்டது. துரைக்கு இன்றும் 155.65தான். 2025 கணக்கில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3,880 பவுண்ட் நஷ்டம்.

இதில் துரையின் வயிற்றெரிச்சல் அரசாங்கத்தின் மேல் அல்ல, பிலிப்பீன்ஸின் மேல். அதே வெயில், அதே தென்னை, அதே கொசு. ஆனால் அந்த நாட்டோடு பிரிட்டனுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது; அங்கே பென்ஷன் ஒழுங்காக ஏறுகிறது. டிப்போவில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் மணிலா பக்கம் குடியேறிவிட்டார். ஏப்ரல் மாதத்தில் அவரிடமிருந்து ஃபோன் வந்தால் துரை எடுப்பதில்லை.

இந்த அநியாயத்தை எதிர்த்து பதின்மூன்று பென்ஷன்காரர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள், 2010இல் தோற்றார்கள். இந்தியாவும் இலங்கையும்கூடப் பென்ஷன் ஏறாத இந்த 'உறைந்த' பட்டியலில்தான் இருக்கின்றன. லண்டனில் ஆஸ்பத்திரியிலோ ரயில்வேயிலோ முப்பது வருஷம் உழைத்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கோ கும்பகோணத்துக்கோ திரும்புகிற தமிழருக்கும் துரைக்கு வாய்த்த கதிதான். கத்திரி வெயிலிலும் உருகாத ஐஸ் இது ஒன்றுதான்.

சட்டத்தில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. உறைந்த பென்ஷன்காரர் பிரிட்டனுக்கு வந்து தங்கினால், தங்கும் வாரங்களுக்கு மட்டும் முழுத்தொகை கேட்டு வாங்கலாம். துரை கணக்குப் போட்டுப் பார்த்தார். தங்கை வீட்டில் நாலு வாரம் இருந்தால் கூடுதலாக 298 பவுண்ட் வரும். விமான டிக்கெட்டுக்கே காணாது. தவிர, தங்கை வீட்டுக்காரர் நாலு வாரம் தாங்க வேண்டும்.

பவுண்டின் மதிப்பு வேறு. 2007இல் ஒரு பவுண்டுக்குத் தாய்லாந்து நாணயமான பாட் 60க்கு மேலே கிடைத்ததாம். நம் தாத்தாக்கள் எட்டணாவுக்குப் படி அரிசி வாங்கிய கதையைச் சொல்கிற குரலில்தான் மூத்த துரைகள் இதைச் சொல்வார்கள். 2016 ஜூனில் பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு முன்பு 50ஐ ஒட்டி இருந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் 44 ஆகிவிட்டது. துரை பிரெக்ஸிட்டுக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். அந்த விஷயம் நோட்டில் இல்லை.

அடுத்தது விசா. ஐம்பது வயது தாண்டிய வெளிநாட்டவர் ஓய்வுக்காலத்தைத் தாய்லாந்தில் கழிக்கலாம். ஆனால் வருஷா வருஷம் நீட்டிப்பு வாங்க வேண்டும். அதற்குத் தாய்லாந்து வங்கியில் எட்டு லட்சம் பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே எட்டு லட்சம் கணக்கில் கிடக்க வேண்டும்; கிடைத்த பிறகு மூன்று மாதம் அசையக்கூடாது; மீதி நாட்களிலும் நாலு லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. சொந்தப் பணத்துக்குத் துரையே காவல்காரர்.

முன்பெல்லாம் இவ்வளவு சிரமமில்லை. இன்னாருக்கு இவ்வளவு வருமானம் என்று பாங்காக்கிலுள்ள பிரிட்டிஷ் தூதரகம் ஒரு கடிதம் கொடுக்கும். 2019 ஜனவரி 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். துரைகள் கொதித்தார்கள். ஆனால் தூதரகத்தின் பாடும் துரையின் பாடும் ஒன்றுதான் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. வயர்லெஸ் ரோட்டில் மரமும் புல்வெளியுமாக இருந்த பெரிய வளாகத்தைத் தூதரகம் 42 கோடி பவுண்டுக்கு விற்பதாக 2018இல் அறிவித்தது. விற்றுவிட்டு, சாத்தோர்னில் ஓர் உயரமான கட்டடத்தின் மாடிக்குக் குடிபோனது. வயதான காலத்தில் பெரிய வீட்டைக் கட்டி மேய்க்க முடியாமல் ஃபிளாட்டுக்குப் போவதைத் துரையைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்?

நீட்டிப்பு நாளன்று துரையைப் பார்க்க வேண்டும். அன்று மட்டும் முழுக்கால் சட்டை. வங்கி திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். பாஸ்புக்கில் அன்றைய தேதி விழ வேண்டும் என்பதற்காக நூறு பாட் போட்டு, பதிவு செய்து, வங்கிக் கடிதமும் வாங்கிக்கொள்வார். பாஸ்போர்ட்டுக்குப் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ், ஒவ்வொன்றிலும் கையெழுத்து. கடைசியாக, வீட்டுக்கு வழிகாட்டும் படம் ஒன்றைக் கையால் வரைந்து கொடுக்க வேண்டும். துரை இதில் மட்டும் கலைஞர். ரயில் தண்டவாளம், புத்தர் கோயில், செவன் இலெவன் கடை, மூன்று நாய்கள் படுத்திருக்கும் முக்கு, அதற்கப்புறம் ஒரு அம்புக்குறி. நாய்களுக்கு வால்கூடப் போடுவார். கவுன்ட்டரில் இருக்கும் அம்மாள் அதை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கட்டுக்கு அடியில் செருகிவிடுவார்.

இது போக, தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை 'நான் இன்னும் இதே விலாசத்தில்தான் இருக்கிறேன்' என்று தெரிவிக்க வேண்டும். தவறினால் 2,000 பாட் அபராதம். பாஸ்போர்ட்டில் பின் அடித்த துண்டுச் சீட்டில் அடுத்த தேதி இருக்கும். மகன் பிறந்தநாளை மறந்தாலும் துரை அந்தத் தேதியை மறந்ததில்லை.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கலாம், அதுவும் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்குள். துரை ஃபிளாட் வாங்கவில்லை, கல்யாணம் செய்துகொண்டார். துரைசானி வடகிழக்கே ஈசான் பகுதிக்காரர். நிலம் அவர் பேரில் பதிவானது. பதிவாளர் ஆபீசில் துரை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்: 'இந்த நிலத்துக்குக் கொடுத்த பணம் முழுக்க என் மனைவியுடையது, எனக்கு இதில் பாத்தியதை இல்லை.' இங்கிலாந்தில் முப்பது வருஷம் தவணை கட்டி மீட்ட வீடு அந்தக் கையெழுத்தில் கரைந்தது. துரைசானி நல்லவர், அதனால் துரைக்குத் தூக்கம் கெடவில்லை. இந்த இடத்தில் தூக்கம் கெட்ட துரைகளும் உண்டு. அவர்களை மதுக்கடையில்தான் பார்க்கலாம்.

சரி, துரைசானியையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாமே? போகலாம்தான். மனைவியை பிரிட்டனுக்கு அழைத்துவர ஆண்டு வருமானம் குறைந்தது 18,600 பவுண்ட் வேண்டும் என்று இருந்ததை 2024 ஏப்ரலில் 29,000 ஆக உயர்த்திவிட்டார்கள். உறையாத முழுப் பென்ஷனே 2025 கணக்கில் வருஷத்துக்கு 12,000 பவுண்டைத் தொடவில்லை. வருமானமே இல்லையென்றால் 88,500 பவுண்ட் சேமிப்பைக் காட்டலாம். அந்தச் சேமிப்புத்தான் நிலமாகவும் கூரையாகவும் துரைசானி பேரில் நிற்கிறதே! இங்கிலாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் வரி கட்டி, இங்கிலாந்துக்காகப் பிரெக்ஸிட் வாங்கிக் கொடுத்த துரைக்கு, பெண்டாட்டியோடு இங்கிலாந்தில் குடியிருக்க வசதி போதவில்லை. துரைசானிக்கு இதில் வருத்தமில்லை. "அங்க குளிரும். நீங்க போயிட்டு வாங்க. நான் அம்மாவைப் பாத்துக்கறேன்" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும்.

ஆனாலும் எல்லாத் துரைகளும் ஒரே திட்டத்தைத்தான் பாக்கெட்டில் வைத்திருக்கிறார்கள். உடம்பு திடமாக இருக்கும்வரை இங்கே. முடியாமல் போனால் அங்கே. பிரிட்டனின் இலவச வைத்தியம் வசிப்பவருக்குத்தான். குடியேறிப் போனவர் நிரந்தரமாகத் திரும்பி வந்துவிட்டால் மறுபடி கிடைக்கும். காகிதத்தில் பழுதில்லாத திட்டம். ஓட்டை ஒன்றே ஒன்று: முடியாமல் போன ஆளால் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் விமானத்தில் உட்கார முடியாது. எழுபதைத் தாண்டியவருக்குப் புதிதாக மருத்துவக் காப்பீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இருப்பவருக்கும் பிரீமியம் வயதோடு சேர்ந்து ஏறும். பென்ஷன் ஏறாத துரைக்கு ஏறுகிற ஒரே விஷயம் அதுதான். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இல்லாமல் ஸ்கூட்டரில் போய் விழுந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். துரை ஸ்கூட்டரில்தான் போகிறார். லைசென்ஸ் 'அடுத்த மாசம்' எடுக்கப் போகிறார்.

துரை ஊர் திரும்பாததற்கு இதற்கெல்லாம் மேலே ஒரு காரணம் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்ல மாட்டார். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கும் கால்பந்து ஆட்டங்களை அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டக்கூடாது. ஜனங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் மைதானம் காலியாகிவிடும் என்று 1960களிலிருந்து வருகிற ஏற்பாடு. வெளிநாட்டுக்கு அந்தத் தடை கிடையாது. குளிர்காலத்தில் ஹுவா ஹின்னில் அப்போது இரவு பத்து மணி. சொந்த ஊர் டீம் ஆடுவதைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து துரை பார்க்கிறார். மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பியால் பார்க்க முடியாது.

இதே ஹுவா ஹின்னில் 1932 ஜூனில் தாய்லாந்து மன்னர் ஏழாம் ராமா ஓய்வாக கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோதுதான், பாங்காக்கில் புரட்சி நடந்து முடியாட்சியின் முழு அதிகாரம் பறிபோன செய்தி வந்தது. பிறகு அவர் இங்கிலாந்துக்குப் போனார். 1935இல் அங்கிருந்தபடியே முடி துறந்தார். 1941இல் அங்கேயே காலமானார். ஊர் திரும்பவில்லை. துரைக்கு இந்தச் சரித்திரம் அத்துப்படி. கேட்பவர் கிடைத்தால் சொல்வார், "அவருக்கு எங்க ஊர் மழை பிடிச்சுப்போச்சு" என்று தன் வியாக்கியானத்தையும் சேர்த்து.

துரை ஊருக்குப் போகாமலும் இல்லை. தங்கை மகள் கல்யாணத்துக்கு ஒரு ஜூலையில் போனார். ஜூலையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். மீன் வறுவலுக்கு மிளகாய் கேட்டார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் வந்தவர்களை முறைத்தார். "எங்க ஊர்ல ரயில் இவ்வளவு தாமதமா வராது" என்று பிளாட்பாரத்தில் ஒருவரிடம் சொன்னார். தாய்லாந்து ரயிலில் ஏறிய எவரும் இதை நம்ப மாட்டார்கள். திரும்பி வந்த மறுநாள் காலை, அதே கடையில் உட்கார்ந்து, இங்கிலாந்து சாசேஜின் ருசி இங்கே வராது என்று ஆரம்பித்தார்.

இந்த வருஷ நீட்டிப்பும் துரைக்குக் கிடைத்துவிட்டது. கட்டணம் 1,900 பாட். நாட்டைவிட்டுப் போனால் விசா ரத்தாகிவிடும். ஆகாமல் இருக்க, திரும்பி வருவதற்கான அனுமதி தனியாக வாங்க வேண்டும். ஒரு தடவைக்கு 1,000 பாட், எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வர 3,800 பாட். துரை 3,800 பாட் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார்.