பத்மினியின் பசி

கேள்வி: லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடிய என் பழைய பிரீமியர் பத்மினி இப்போது 8-க்கே திணறுகிறது. எஞ்சினை மாற்றிவிடலாமா?

பதில்: அந்த 1,089 சி.சி. எஞ்சினுக்கு மரண தண்டனை விதிப்பதற்கு முன், பிரதான சாட்சியாகிய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி விசாரியுங்கள். அதன் முனை இளம்பழுப்பாயிருந்தால் க்ஷேமம். உலர்ந்த கரி அப்பியிருந்தால், சோக் முழுதும் திரும்பாமலோ, ஏர் ஃபில்டர் தூசியால் அடைபட்டோ, கார்புரேட்டரின் மிதவை ஊசி தேய்ந்து பெட்ரோல் மட்டம் உயர்ந்தோ, காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் அநாவசியமாக உள்ளே போகிறதென்று அர்த்தம். சோக் கம்பியையே முதலில் சந்தேகியுங்கள். பரிகாரத்துக்கு அதிகம் செலவாகாது. பிறகு, சமதரையில் வண்டியை நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். சுலபமாக உருளவில்லையெனில் டயரில் காற்றுக் குறைவு, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கம்ப்ரஷன் சோதனையிலும் தோற்றால்தான் எஞ்சினைத் தொடவேண்டும்.