கிராபிக்குப் போற மாப்பிள்ளைக்குப் பெரியப்பா யோசனை

தம்பி, தாய்லாந்துல கிராபிங்கற ஊர்ல, கடலோர ரிசார்ட்டுல உனக்குக் கல்யாணம்னு உங்க அப்பன் சொன்னான். ரொம்ப சந்தோசம். பேக்கேஜ்ல என்னென்ன வருதுன்னு உங்க அக்கா மவளை வுட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வெறுங்காலோட மணல்ல நடந்து வரணும். தலைக்கு மேல ஓலைக் கூரை. மூங்கில் கம்பத்துல அரிக்கேன் வெளக்கு. ஓரமா ஒரு பழைய படகு, அதுல அழகுக்குன்னு கொஞ்சம் வலை. ராத்திரிக்கு சுட்ட மீனு. கேக்கக் கேக்க எனக்கு உங்க தாத்தா ஞாபகம்தான் வந்துது. இந்தப் பேக்கேஜை அந்த மனுசன் காலம் பூராவும் ஒத்தக் காசு குடுக்காம அனுபவிச்சிட்டுப் போய்ட்டாரு. ஓலை வேணாம் சாமி, காங்கிரீட்டு வீடு கட்டிக் குடுங்கன்னு நாங்க மனுவைத் தூக்கிக்கினு அலைஞ்சதை மட்டும் அந்த ரிசார்ட்டுக்காரன்கிட்ட சொல்லிடாதே. பாவம், அவன் யாவாரம் படுத்துக்கும்.

மாப்பிள்ளை படகுல வந்து இறங்கணுமாமே, டிரோன் மேலேருந்து படம் புடிக்குமாமே. நல்லது. நீ சின்ன வயசுலயே நம்ம காட்டுப்பள்ளிக் குப்பத்தை விட்டு அண்ணாநகருக்குப் போய்ட்டவன். முட்டியளவு தண்ணியில படகை விட்டுக் குதிக்கிறப்ப பட்டு வேட்டி முதல்ல மெதக்கும், அப்புறம் அவுரும். உள்ள ஒரு அரை டிராயர் போட்டுக்க. பேக்கேஜ்ல இதை எழுத மாட்டான்.

அடுத்தது நாள் குறிக்கிற சமாச்சாரம். நீங்க ஐயரைக் கேட்டு வளர்பிறை முகூர்த்தம்தான் பார்ப்பீங்க. வளர்பிறை முத்தி பௌர்ணமியை நெருங்க நெருங்க கடல் ஏர்றதும் அதிகம், வத்தறதும் அதிகம். நம்ம கரையில அது சுமார் மூணடிதான், அதனால உங்க அப்பனுக்கே அது மறந்திருக்கும். கிராபி, புக்கெட் இருக்கற அந்தமான் கடல் பக்கம் ரெண்டு மீட்டருக்கும் மேல ஏறி எறங்கும். காலையில ஜம்முனு மேடை போட்டுட்டு வந்தீங்கன்னா மத்தியானம் மேடை எந்தப் பக்கம் நிக்குதுன்னு தேடணும். இல்லேன்னா தண்ணி ரொம்ப தூரம் உள்ள போய், சேறும் பாறையும் தெரியும். மாப்பிள்ளை படகு கரைக்கே வராது, நீ சேத்துல நடந்து வரணும். டிரோன் அதையும் புடிக்கும். பூ அலங்காரத்துக்குக் குடுக்கற அட்வான்சுக்கு முன்னாடி அன்னிக்கு ஏத்தம் எப்ப, வத்தம் எப்பன்னு அந்த ஊரு படகுக்காரனைக் கேளு. ரிசார்ட்டு மேனேஜரைக் கேக்காதே, அவன் டை கட்டினவன்.

மாசத்தையும் பாத்துக்கோ. கச்சான் காத்து இருக்குதே, நமக்கு அது மேக்கேருந்து நிலத்து மேல வர்ற காஞ்ச காத்து, மூஞ்சியைத் தீச்சிட்டுப் போவும். அதே காத்து தாய்லாந்தோட மேக்குக் கரைக்கு வங்காளக் கடல், அந்தமான் கடல் எல்லாம் தாண்டித் தண்ணியைக் குடிச்சிட்டு வருது. அதனால மே மாசத்துலேருந்து அக்டோபர் வரைக்கும் அங்க மழை. தை, மாசி, பங்குனின்னா கிராபிக்குப் போலாம். வைகாசி, ஆவணின்னா பாலித் தீவு தேவலாம், அங்க அப்பதான் மழையில்லாத காலம். தை மாசத்துல பாலிக்குப் போனா தாலியோட சேத்து குடையும் கட்டணும். நம்ம நடிகர் சரத்குமார் மவளுக்கு 2024 ஜூலையில கிராபியிலதான் கல்யாணம் நடந்துது. மழைக்காலம்தான். பணம் இருக்கறவங்க மழைக்கும் சேத்துப் பந்தல் போட்டிருப்பாங்க. உங்க அப்பன் பி.எஃப். பணத்தை எடுத்துப் போடறவன்.

இன்னொண்ணு கேளு, இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. நம்ம சனங்களுக்கு விடியக்காலை முகூர்த்தம்தான். நம்ம கரையில அந்நேரம் சூரியன் கடல்லேருந்து எழுந்து வரும். காத்தும் நிலத்துலேருந்து லேசா வீசும், ஓமப் பொகை கடல் பக்கம் போய்டும். கிராபி மேக்கே பாத்த கரை. அங்க சூரியன் ஓட்டலுக்குப் பின்னாடி, சமையல்கட்டு பக்கமா எழும். கடல்ல வுழறதைத்தான் காட்டி காசு வாங்கறாங்க. சாயங்காலம்னா கடக்காத்து முழுசா ஏறி நிக்கும். ஐயர் கண்ணுல பொகை, பொண்ணு முந்தானை போட்டோகிராபர் மூஞ்சியில. ஓமகுண்டத்தை அணைக்காம வச்சிருக்கறவனுக்குத் தனியா வெத்தலை பாக்கு குடுத்துடு. அந்திக் கல்யாணத்துக்கும் லக்கினம் இருக்குதுன்னு ஐயர் சொல்லுவாரு. டிக்கெட்டும் ரூமும் போட்டுக் குடுத்தா எந்த லக்கினமும் கெடைக்கும்.

கரையே நமக்குத்தான்னு உங்க அம்மா பூரிச்சுப் போயிருக்கா. பேக்கேஜ்ல சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லு. நாலு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் கரை உனக்கு, அப்புறம் வேற ஜோடி. நம்ம பழவேற்காடு ஏரியில சுத்துவலைக்குப் பாடு விடற மாதிரி முறை வச்சிருக்கான். ஒரு வித்தியாசம், நம்ம பாட்டுல முறை தப்பினா ஊர் கூடும். அங்க எக்ஸ்ட்ரா பில்லு கூடும்.

சட்டம் ஒண்ணு இருக்குது, மறந்துடாதீங்க. 2009ல வந்த தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் இந்த மாநிலத்துக்குள்ள நடந்த கல்யாணத்துக்குத்தான். கிராபியில தாலி கட்டிட்டு பொன்னேரி சார்பதிவாளர் முன்னாடி போட்டோ ஆல்பத்தை விரிச்சா, அவர் நல்லா இருக்குதுன்னு சொல்லுவாரு, சர்டிபிகேட்டு குடுக்க மாட்டாரு. தாய்லாந்து சட்டப்படி பதியணும்னா அந்த ஊரு மாவட்ட ஆபீசுக்கு, அம்பூர்னு சொல்றாங்க, நீ இன்னும் கல்யாணம் ஆகாதவன்னு தூதரகக் காகிதத்தோட போவணும். இல்லேன்னா 1969 வெளிநாட்டுத் திருமணச் சட்டத்துல நம்ம தூதரக அதிகாரி முன்னாடியே பண்ணிக்கலாம். அதுக்கு 30 நாள் நோட்டீசு. வெவரமானவங்க என்ன பண்றாங்கன்னா, இங்கயே சொந்தக்காரங்க நாலு பேர் முன்னாடி மாலை மாத்திப் பதிஞ்சுடறாங்க. 1967ல நம்ம அரசாங்கம் கொண்டாந்த திருத்தத்துல மாலையோ மோதிரமோ மாத்தினாலே போதும், ஐயரு கூட வேணாம். அப்புறமா ஏரோப்ளேன் ஏறிப் போய் அதையே மறுபடி நடிச்சுக் காட்டறாங்க. கல்யாணம் முன்னூறு ரூபா மாலையில முடிஞ்சுது, மத்ததெல்லாம் சினிமா செலவுன்னு உங்க அப்பன் காதுல நான் போடட்டுமா வேணாமா, நீயே சொல்லு.

நகை கொண்டுபோனா கெளம்பறப்பவே ஏர்போர்ட்டு கஸ்டம்ஸ்ல காட்டி காகிதம் வாங்கிக்கோ. இல்லேன்னா திரும்பி வர்றப்ப பொண்ணு வீட்டு ஒட்டியாணத்துக்கு நீ வரி கட்டுவே.

இப்ப ஆளுங்க விசயத்துக்கு வரேன். எண்பது பேர்னு கணக்கு போட்டிருக்கியாம். கடலைத் தாண்டிப் போறது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? மண்டபம் இங்க புடிச்சா குப்பத்துக்கே பாக்கு வெக்கணும். கருங்காலி, காளாஞ்சி, லைட்ஹவுஸ் குப்பம்னு சொந்தம் வந்து எறங்கும். பஸ்ஸு வெச்சா பஸ்ஸு ரொம்பும். ஒருத்தனை விட்டா மூணு தலைமுறைக்குப் பேசுவான். தாய்லாந்துன்னு சொல்லிட்டா எவனும் கோச்சிக்க மாட்டான். 'பாஸ்போர்ட் இல்லியே பெரியம்மா'ன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சுடும். இந்த சூட்சுமத்தைக் கண்டுபுடிச்சவன் மகா கெட்டிக்காரன்.

ஆனா மொய்யை என்ன பண்ணப் போறே? உங்க அப்பன் இந்தக் கரையில ஒரு கல்யாணம் விடாம எழுதினவன். நோட்டு என் பொட்டியிலதான் இருக்குது. அவ்வளவும் திரும்பி வர வேண்டிய பணம். அதைத் திருப்பி எழுத வேண்டியவங்க யாரும் கிராபிக்கு வர மாட்டாங்க, செல்போன்ல அனுப்பவும் மாட்டாங்க. எலையில உக்காந்து சாப்புடாம மொய் எழுதறது நம்ம வழக்கத்துல இல்ல. கல்யாணம் பண்ணிக்கினா நீ ஊருக்கு ஒரு தலைக்கட்டு. அதை ஊர் பாக்கணும், வரி நோட்டுல பேர் ஏத்தணும். பாக்காத கல்யாணத்துக்கு எப்படிப் பேர் ஏத்தறதுன்னு நாட்டாரு கேட்டா நான் அந்த டிரோன் படத்தையா காட்டறது?

சாப்பாட்டுல நண்டு இருக்குதாமே. நம்ம ஏரியில புடிக்கிற பச்சை நண்டை உயிரோட கட்டி, ஏரோப்ளேன்ல சிங்கப்பூருக்கு அனுப்பறாங்க. நண்டுக்கு விசா கேக்கறதில்ல, எங்க ஆயாவுக்குத்தான் கேக்கறான். கிராபியில உன் தட்டுல வர்ற நண்டு பழவேற்காட்டுப் பக்கம்னு சந்தேகமா இருந்தா ஒரு போட்டோ அனுப்பு, காலைப் பாத்து சொல்றேன்.

கரைதான் வேணும்னா இந்தப் பக்கம் இல்லியான்னு கேக்கலாம். நயன்தாரா 2022 ஜூன் 9ல மாமல்லபுரத்து ரிசார்ட்டுல கல்யாணம் பண்ணிக்கிச்சு, உலகமே பாத்துது. பிரதமரும் 2023 நவம்பர்ல ரேடியோவுல, வெளிநாட்டுல போய்க் கல்யாணம் பண்றீங்களே, இங்கயே பண்ணக் கூடாதான்னு கேட்டாரு. நம்ம காட்டுப்பள்ளியில பண்ணிக்கோன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். எங்க பண்றது? கப்பல் கட்டற தளம் வரப்போவுதுன்னு பழைய குப்பத்தையே கரையிலேருந்து பேத்து உள்ள வெச்சாங்க. அப்புறம் துறைமுகம். இருக்கற 330 ஏக்கர் பத்தலைன்னு 6,000 ஏக்கருக்கும் மேல விரிக்கணும்னு திட்டம் போட்டுக்கினு, கருத்துக் கேப்புக் கூட்டத்தைத் தேதி வெச்சித் தள்ளி வெச்சாங்க. அதுல கடலும் சேந்து கணக்கு. மேடை போட்டா எவன் வேலிக்குள்ள நிக்கும்னு தெரியல. பாலியில கறுப்பு மணல் கரைக்குத் தனி மவுசாமே, எரிமலை மண்ணுன்னு சொல்றாங்க. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்துல எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்து நம்ம கரையும் படகும் வலையும் கறுப்பாத்தான் இருந்துது. ஒரு ஜோடி கூட புக் பண்ண வரல.

கிராபிக்குப் போற வழியில புக்கெட்ல எறங்கினீன்னா ராவாய் கரைக்கு ஒரு நடை போய்ட்டு வா. அங்க உராக் லாவோய்னு கடல் சனங்க இருக்காங்க, நம்ம மாதிரி மீன் புடிச்சுப் பொழைக்கிறவங்க. 2016 ஜனவரியில அவங்க கடலுக்கும் சாமிக்கும் போற பாதையை ஒரு நில முதலாளி அடைக்கப் பாத்து, அடிதடி ஆயி ஆளுங்களுக்குக் காயம். அந்தப் பக்கமும் கரையில பணக்காரங்க தங்க எடம் வேணுமாம். அந்தக் கடல் சனங்கள்ல ஒரு பெரியவரைக் கூப்புட்டு உன் கல்யாணத்துல எலை போடு. பேக்கேஜ்ல வெச்சிருக்கற பழைய படகுல ஏறி உக்காந்து, வலையைத் தொட்டுப் பாத்து அவர் சிரிக்கிறதை மட்டும் டிரோன் புடிச்சா போதும், மிச்ச படம் எல்லாம் வேணாம்.

எனக்கு வர ஆட்சேபணை இல்ல. சவுதியில கப்பல் வேலைக்குப் போனப்ப எடுத்த பாஸ்போர்ட்டைப் புதுசு பண்ணிட்டேன். உங்க பெரியம்மாவும் அமைந்தகரை பாஸ்போர்ட் ஆபீசுல போய் வெரல் வெச்சிட்டு வந்துட்டா. ஜன்னல் சீட்டு ரெண்டு போட்டுடு. அவ கருவாடு எடுத்துக்கினு வருவா, நீ ஏர்போர்ட்ல எங்க கூட நிக்காம தள்ளி நில்லு.