மேற்பார்வை விலாச மீமாம்சை

வெளி ராஜ்யத்தில் உத்தியோகம் தேடும் சாஸ்திரத்தில் பண்டிதர்கள் இதுகாறும் தீண்டாது விட்ட பிரமேயம் ஒன்று உண்டு. அது விண்ணப்பதாரியின் விலாசம். உள்ளூரில் இருப்பவனுக்கே வேலை என்று முதலாளியும், வேலை கிடைத்தாலன்றி அந்த ஊருக்கு வருவதற்கில்லை என்று விண்ணப்பதாரியும் நிற்கையில், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணமாகும் என்ற லௌகிக நியாயம் பூரணமாகப் பிரசன்னமாகிறது. இம்முடிச்சை அவிழ்க்கப் பிறந்த மந்திரமே ‘மே/பா’.

வசிக்கும் இடத்தைக் காட்டிச் சர்க்கார் உத்தியோகத்தை மறுக்கலாகாதென்று அரசியல் சாசனத்தின் 16-ஆவது ஷரத்து பொதுவாக விதித்திருப்பது மெய்யே. ஆனால் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் கம்பெனி நடத்தும் தனியார் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர். ஆகவே, பம்பாய் ராஜ்யம் 1960-இல் இரண்டாகப் பிரிவதற்குச் சற்று முன், டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறிக் கும்பகோணத்துத் திண்ணையில் அமர்ந்திருந்த அடியேன், மாதுங்காவில் ஆறு பேர் பாய் விரித்துறங்கும் அறையொன்றில் வசித்த அத்திம்பேரின் தம்பியை ‘மேற்பார்வை’யாக வரித்து, அவ்வூர்வாசியாகவே மனுச்செய்துகொண்டேன். மேற்பார்வை என்பது காரணப்பெயரா, இடுகுறிப்பெயரா என்ற ஐயத்துக்கு அனுபவமே விடை தந்தது: இன்டர்வியூ கார்டு பால் கணக்கு நோட்டுக்கடியில் நான்கு நாள் கிடந்தும் அம்மகானுபாவர் பார்வையில் அது படவேயில்லை. இடுகுறியே என்பது என் துணிபு.

பின்னர் தந்தி பறந்தது. டிரங்குப் பெட்டியோடு எழும்பூரில் இறங்கி, ரிக்ஷாவில் சென்ட்ரலுக்கு ஓடி, ஏறத்தாழ 800 மைல் கரிப்புகையை உண்டு பம்பாய் சேர்ந்தவன், தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு நேரே மானேஜர்முன் போய் நின்றேன். கார்த்திகை மாதம். என் மனுவையும், காதோரம் ஒட்டியிருந்த கரியையும் மாறி மாறி நோக்கிய அவர், “போன வாரமெல்லாம் மாதுங்காவில் மழையில் ரொம்பச் சிரமப்பட்டிருப்பீரே?” என்று பரிவோடு வினவினார். காவிரிக்கரைப் பஞ்சாங்கமொன்றே அறிந்தவனாதலால், “ஆமாம் ஸார், தெருவெல்லாம் முழங்கால் ஜலம்” என்று விநயமாக விண்ணப்பித்துக்கொண்டேன்.

ஜூனில் தொடங்கும் பம்பாய் மழை செப்டம்பரோடு ஏறக்கட்டிவிடும் என்பதை, வெளியே கொண்டுவிட்ட பியூன்தான் எனக்கு உபதேசித்தான்.