மலிவு வீட்டின் பனிக்கணக்கு

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளுள் பெரியதான சுப்பீரியர் ஏரிக்குள் தெற்குக் கரையிலிருந்து நீண்டு வளைந்து நுழையும் கீவினா தீபகற்பம், மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், வரைபடம் வரைவோர் சில வேளைகளில் அம்மாநிலத்தோடு சேர்க்கவே மறந்துவிடும் ஒரு மூலையில் அமைந்துள்ளது. குறைந்த விலைக்கு ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு, பெருநகரத்தின் வாடகை, இரைச்சல், நெரிசல் ஆகிய மூன்றிலிருந்தும் ஒருசேர விடுபட விரும்புவோர் அங்கே அவ்வப்போது வந்து சேர்கின்றனர். அத்தகையோரை இக்கட்டுரை ‘குடியேறி’ என்னும் பொதுப்பெயரால் குறிக்கும். குடியேறி பெரும்பாலும் ஜூலை மாதத்தில் வீடு பார்க்கிறார் என்பதே இங்குச் சொல்லவந்த செய்தி. எஞ்சியவை அனைத்தும் அதன் விளைவுகள்.

வீடு மலிவாக இருப்பதற்கு முதற்காரணம் செம்பு. 1840-களில் இங்குத் தொடங்கிய செம்புச் சுரங்கத் தொழில், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியினரையும் பின்லாந்து, இத்தாலி, குரோஷியா நாட்டினரையும் வரவழைத்து, சுரங்க நிறுவனங்களே தொழிலாளருக்கு வரிசை வரிசையாக வீடு கட்டிக்கொடுக்கும் அளவுக்குச் செழித்தது. ஹோட்டன் கவுன்ட்டியில், அதாவது தீபகற்பத்தின் பெரும்பாலான மக்கள் வாழும் மாவட்டத்தில், 1910-இல் 88,000 பேர் இருந்தனர். 2020-இல் அந்த எண்ணிக்கை 37,000-ஐச் சற்றே தாண்டியது. 1968-இல் மூண்ட வேலைநிறுத்தத்துக்குப் பின் அந்நிறுவனங்களுள் பெரியதும் சுரங்கங்களை மூடிவிட, ஆட்கள் போனார்கள், வீடுகள் போகவில்லை. காலுமெட் என்னும் சிற்றூரில் 1900-இல் திறக்கப்பட்ட நாடக அரங்கில் அன்றைக்கு ஏறத்தாழ 1,200 பேர் அமர முடிந்தது. 2020 கணக்கெடுப்பின்படி அவ்வூர் எல்லைக்குள் வாழ்வோர் 621 பேர். பழைய இருக்கைகள் அப்படியே இருந்திருந்தால், கைக்குழந்தை உட்பட ஊரே ஒருநாள் நாடகத்துக்குப் போனாலும் ஏறக்குறைய ஒவ்வொருவருக்கும் பக்கத்து இருக்கையில் கம்பளிக் கோட்டை வைத்துக்கொள்ள இடம் கிடைத்திருக்கும். இத்தகைய ஊரில், அமெரிக்காவின் நடுநிலை விலையில் (விற்பனையாகும் வீடுகளை விலைவாரியாக அடுக்கினால் சரிநடுவில் நிற்கும் வீட்டின் விலையில்) பாதிக்கும் குறைவாக வீடு கிடைப்பது இயல்பே.

இரண்டாம் காரணத்தை வீட்டுத் தரகர் மறைப்பதில்லை; ஜூலையில் அதைக் காட்ட அவருக்கு வழியில்லை, அவ்வளவுதான். அறிவியலார் ‘ஏரிவிளைவுப் பனி’ என்று வழங்கும் நிகழ்வு அது. கனடாவிலிருந்து புறப்படும் வறண்ட குளிர்காற்று, இன்னும் உறையாத, தன்னைவிட வெதுவெதுப்பான ஏரிநீரின் மேல் நெடுந்தொலைவு கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு, தீபகற்பத்தின் குன்றுகளில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, சுமந்துவந்ததை அங்கேயே கொட்டிவிட்டுப் போகிறது. மூன்று பக்கமும் ஏரி சூழ்ந்திருப்பதால் மேற்கிலிருந்து வரும் காற்றும் வடக்கிலிருந்து வரும் காற்றும் கீவினாவுக்கு வெறுங்கையோடு வருவதில்லை. இங்கு ஒரு குளிர்காலத்தில் 200 அங்குலத்துக்கு மேல், அதாவது ஐந்து மீட்டருக்கு மேல், பனி விழுவது வழக்கம். 1978–79 குளிர்காலத்தில் 390.4 அங்குலம், ஏறத்தாழப் பத்து மீட்டர், விழுந்தது. அச்சாதனையை மறவாதிருக்கும்பொருட்டு, 41-ஆம் எண் நெடுஞ்சாலையோரத்தில், மோஹாக் என்னும் ஊருக்கு அப்பால், வெப்பமானி வடிவில் அளவுகோல் ஒன்றை வானளாவ நட்டுவைத்திருக்கிறார்கள். குடியேறி அதன் அடியில் அரைக்கால் சட்டையோடு நின்று சிரித்த முகமாகப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்.

ஜூலையில் அவர் காணும் பிற சான்றுகளும் இவ்வாறே பொருள் மாறிப் போகின்றன. சில வீடுகளில் வாசலிலிருந்து தெருவரை பலகையடித்துக் கூரை வேய்ந்த நடைவழி இருக்கும். கொடி படரவிடுவதற்கென்று அவர் கருதுகிறார். கூரைகள் செங்குத்தாகச் சரிந்து தகடு வேயப்பட்டிருக்கும். உள்ளூர்க் கட்டடக்கலை மரபு என்று குறித்துக்கொள்கிறார். தீயணைப்புக் குழாய்களின் தலையில் ஆளுயரக் கம்பி செருகியிருக்கும். அதற்குக் காரணம் தேட அவர் முயல்வதில்லை. ஒன்றிரண்டு கார்களின் ஆன்டெனாவில் ஆரஞ்சு நிறத் துணி கட்டியிருப்பதைப் பார்த்து, ஏதோ சங்கத்தின் கொடி போலும் என்று மரியாதையோடு விலகிச் செல்கிறார். தெருமுனையில் பனிக்குவியல் காரை முழுதும் மறைத்துவிடும்போது, மறுபக்கத்திலிருந்து வருபவருக்குத் தெரிவது அந்தத் துணி மட்டுமே என்பதை ஜனவரி அவருக்கு விளக்கும். ஹோட்டன் நகரம் புவியியல்படி மிக மேற்கே இருந்தும் கிழக்கு நேர வலயத்தில் சேர்க்கப்பட்டிருப்பதால், கோடையில் இரவு ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் நிற்கிறது. ஏரிக்கரையில் அமர்ந்து அந்த நீண்ட அந்தியைப் பார்த்தவர் எவரும் பத்திரத்தில் கையெழுத்திடாமல் திரும்புவது அரிது. டிசம்பர் இறுதியில் அதே கடிகாரம், காலை எட்டரை கடந்தும் சூரியனைக் காட்ட மறுக்கிறது.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். பனிக்கு வாழ்க்கைப்பட்டவர் ஏறவேண்டியது கூரை. கூரையில் பனி தேங்கினால் அதன் எடையே ஓர் இடர். அதைவிட நுட்பமான இடர் ‘பனிக்கட்டி அணை’ எனப்படுவது: பழைய வீடுகளின் பரண் வழியே கசியும் வெப்பம் கூரையின் மேற்பகுதிப் பனியை உருக்க, உருகிய நீர் குளிர்ந்திருக்கும் இறவாரத்துக்கு வந்ததும் மீண்டும் உறைந்து அணைபோல நின்றுவிட, பின்னால் வரும் நீர் போக்கிடமின்றி ஓடுகளுக்கு அடியில் புகுந்து படுக்கையறைச் சுவரில் இறங்குகிறது. வீட்டைச் சூடாக வைத்திருக்கச் செலவிட்ட காசே வீட்டுக்குள் ஒழுகுகிறது என்பதால், கொடுத்த காசு இவ்வளவு கண்கூடாகத் திரும்பிவரும் வேறு செலவு குடும்ப வரவுசெலவில் இல்லை எனலாம்.

தரையில் நடப்பது இன்னும் முறையான போராட்டம். இங்கு மண்வெட்டியால் பனி அள்ளுவோர் புதியவர்கள். உள்ளூரார் பயன்படுத்துவது ‘ஸ்கூப்’, அதாவது இரு கையாலும் தள்ளிச் செல்லத்தக்க, வளைந்த கைப்பிடியுள்ள பெரிய தகட்டு வாரி. குடியேறி விடியுமுன் எழுந்து, கார் வெளிவரும் பாதையைத் தரை தெரியும்வரை துப்புரவாக்கி, நிமிர்ந்து இடுப்பில் கை வைக்கும் அந்தக் கணத்தில், நகராட்சியின் பனி அகற்றும் வண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டே வந்து, தெருவின் பனி முழுவதையும் அவர் பாதையின் வாயில் கரையாக ஒதுக்கிவிட்டுச் செல்கிறது. ஒதுக்கப்பட்ட பனி புதுப்பனிபோல மென்மையானதன்று. நசுங்கி, உப்பும் மணலும் கலந்து, கல்லாக இறுகியது. அதை மீண்டும் தெருவிலேயே தள்ளிவிடலாம் என்று தோன்றும். பனியைப் பொதுச்சாலையிலோ சாலைக்கு அப்பாலோ தள்ளுவதை மிச்சிகன் சட்டம் தடை செய்கிறது. ஆக, தெருவின் பனி வீட்டுக்கு வரலாம், வீட்டின் பனி தெருவுக்குப் போகக் கூடாது. அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான உறவை விளக்கப் பல பேராசிரியர்கள் பல நூல்கள் எழுதியிருந்தாலும், இந்த ஒரு வாசலில் கிடைக்கும் தெளிவு அவற்றில் கிடைப்பதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மலிவாக வாங்கிய வீட்டுக்குப் பழுதுபார்ப்பு வேண்டும் என்பதைக் குடியேறி முன்பே எதிர்பார்த்திருப்பார். எப்போது பழுதுபார்ப்பது என்பதே சிக்கல். டிசம்பர் முதல் மார்ச் வரை கூரை இருப்பது தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மார்ச்சுக்குப் பின் நிலத்தடி உறைவு இளகும் காலத்தில் சாலைகள் நொய்ந்துபோவதால், கனரக வாகனங்களுக்கு எடைக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, மரமும் சரளையும் ஏற்றிய லாரி வர இயலாமற் போகிறது. மே, ஜூனில் கடிக்கும் கரிய ஈக்கள் கிளம்பி ஏணியில் நிற்பவரை இரு கையும் பயன்படுத்த விடுவதில்லை. நவம்பர் 15-இல் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது; அன்றைக்குப் பல பள்ளிகளே விடுமுறை விடும் வட்டாரத்தில், தச்சரும் குழாய்ப் பணியாளரும் காட்டுக்குடிலில் இருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சுவது கோடை. கோடையிலோ, சென்ற ஆண்டு இதே காரணங்களால் வேலை முடியாத மற்ற வீட்டார் அனைவரும் அதே தச்சரை அழைத்திருப்பார்கள்.

வரியிலும் ஓர் எதிர்பாராமை காத்திருக்கிறது. 1994-இல் மிச்சிகன் வாக்காளர் ஏற்றுக்கொண்ட திருத்தத்தின்படி, ஒருவர் கையில் வீடு இருக்கும்வரை அதன் வரிமதிப்பு ஆண்டுக்கு விலைவாசி உயர்வு, 5 சதவீதம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறலாகாது; வீடு கைமாறினால் அடுத்த ஆண்டே அந்த மதிப்பு சந்தை விலையின் பாதிக்கு ஒரே தாவலாகத் தாவிவிடும். விற்பவர் நாற்பது ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த பாட்டியாக இருந்தால், அவர் காட்டும் வரிச்சீட்டு உண்மையானது, ஆனால் வாங்குபவருக்குப் பொருந்தாதது. மலிவிலும் மலிவு தேடி ஊருக்கு வெளியே காட்டுநிலம் வாங்குவோர் வேறொரு பலகையைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ‘பருவகாலச் சாலை’ என வகைப்படுத்தப்பட்டவை நவம்பர் முதல் ஏப்ரல் வரை பராமரிக்கப்படுவதில்லை; ஆறு மாதத்துக்கு அவ்வீட்டின் முகவரி இருக்கும், வழி இருக்காது. பனிச்சறுக்கு வண்டியில் மளிகை ஏற்றிச் செல்வதை வீர வாழ்வாகக் கருதுவோரும் உளர். அவர்களைப் பற்றிய ஆய்வு தனி நூலுக்குரியது.

இவ்வளவுக்குப் பின்னும் பலர் ஊரை விட்டுப் போவதில்லை என்பதுதான் விளக்கம் கேட்கும் உண்மை. போக விரும்புவோருக்கு வழியில் குழப்பமே இல்லை: தீபகற்ப முனையில் உள்ள காப்பர் ஹார்பருக்கு அருகே தொடங்கும் 41-ஆம் எண் நெடுஞ்சாலை, எண் மாறாமல் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் ஓடி வெயில் காயும் மயாமியில் முடிகிறது. தப்பித்துக்கொள்வதற்கு அரசு இதைவிட எளிய ஏற்பாடு செய்திருக்க முடியாது. ஓய்வுபெற்றோர் சிலர் ஆண்டுதோறும் அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். தங்கிவிட்டவரிடமோ மெல்ல ஒரு மாற்றம் நிகழ்கிறது. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் கொண்டுவந்த, இறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப் வகைக் கிழங்கும் பொதிந்த ‘பாஸ்டி’ என்னும் அப்பத்தைத் தக்காளிச் சாஸோடு உண்பதா, குழம்போடு உண்பதா என்ற வழக்கில் அவர் ஒரு கட்சியில் சேர்கிறார். பின்லாந்துக்காரர் வழக்கப்படி சனிக்கிழமை மாலையில் நீராவி அறையில் வியர்க்கப் பழகுகிறார். மாநிலத்தின் வடபகுதியையும் தென்பகுதியையும் இணைத்து 1957-இல் திறக்கப்பட்ட மாக்கினா பாலத்துக்குத் தெற்கே வாழ்வோரை, பாலத்துக்கு அடியில் வாழும் கதைப் பூதங்கள் என்ற பொருளில் ‘ட்ரோல்’ என்று கேலி பேசுகிறார். சென்ற ஜூலை வரை தாமும் பூதமாக இருந்ததை அவர் நினைவுகூர்வதில்லை. தொலைபேசியில் உறவினர் தங்கள் ஊரில் நான்கு அங்குலம் பனி விழுந்ததாகக் கவலைப்பட்டால், அவர் பேசாமல் கேட்டுக்கொண்டு, நெடுநேரம் கழித்து, “எங்களுக்கு இன்னும் தொடங்கவே இல்லை” என்கிறார். அப்போது அவர் சன்னலின் பாதி மறைந்திருக்கும்.

இம்மாற்றத்தின் முழுமையை அறியப் பனிக்கடவுள் ஹெய்க்கி லுன்டாவின் வரலாறு உதவும். இக்கடவுள் தொன்மத்தில் தோன்றியவர் அல்லர். 1970-இல் பனிவண்டிப் போட்டி ஒன்று பனியின்மையால் நடவாமற் போகுமோ என்ற அச்சம் எழுந்தபோது, டேவிட் ரியூட்டா என்பவர் பனியை வேண்டிப் பாடிய பாட்டில் பிறந்தவர். பாட்டு வானொலியில் ஒலிக்க, பனி வந்தது; வந்தது நிற்கவில்லை. கடவுளைப் போய்வரச் சொல்லி ரியூட்டாவே இரண்டாவதாக ஒரு பாட்டும் பாட வேண்டியதாயிற்று. இரண்டில் எது வேண்டும் என்பதில் கீவினாவாசிகள் இன்றளவும் ஒரு முடிவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. 2023–24 குளிர்காலத்தில் பனி அரிதாகி, நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிகளின் போட்டி கைவிடப்பட்டு, விடுதிகள் வெறிச்சோடியபோது, முதற்பாட்டின் பக்கம் சாய்ந்தோர் பலர். முதற்குளிர்காலம் முழுவதும் பனியைச் சபித்த குடியேறிகளும், அக்டோபரிலேயே விலையுயர்ந்த பனி ஊதும் இயந்திரத்தை வாங்கிக் கொட்டகையில் நிறுத்திவிட்டவர்கள் என்ற முறையில், அக்கூட்டத்தின் முன்வரிசையில் இருந்திருப்பார்கள் என்று கொள்வதில் தவறில்லை.