மூன்று வேளையும் மீல்ஸ்

தெரியாத ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக்கொடுப்பது பெரிய காரியமில்லை. தெரிந்த சொல்தான் ஆளைக் கொல்லும். என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறவர்கள், நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களை விவரம் தெரிந்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருப்பவர்கள். அவற்றை இங்கே அப்படிப் பேசக்கூடாது என்பதுதான் என் பிழைப்பு.

பாடத்தில், ஒருவர் தினமும் மூன்று மீல் சாப்பிடுவதாக ஒரு வரி. மளிகைக் கடைத் தம்பி நிமிர்ந்தான்.

"காலையிலேயே மீல்ஸா சார்?"

அவன் கண்ணில் வாழையிலை விரிந்துவிட்டது. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், அப்பளம். 'காலையில் ரெண்டு துண்டு ரொட்டி தின்றாலும் அவர்களுக்கு அது மீல்தான்' என்றேன். "அப்ப அன்லிமிடெட் இல்லையா?" இல்லை. ஆங்கிலத்தின் மேல் அவனுக்கு இருந்த மரியாதை அன்றைக்கு ஒரு படி இறங்கியது.

அடுத்த பாடத்தில் ஒரு குடும்பம் ஹோட்டலில் மூன்று இரவு தங்கியது. கடை சாத்திய பிறகும் அவர்களை ஏன் எழுப்பிவிடவில்லை என்று கேட்டார்கள். சரி, லாட்ஜ் மாதிரி என்றேன். குடும்பத்தோடவா என்று பின்வரிசை சிரித்தது. அதற்கு மேல் விளக்கவில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. ஓர் அங்கிள் தன் நெஃப்யூவுக்கு வீடு எழுதிவைத்த கதையில்தான் மாட்டிக்கொண்டேன்.

"எந்த அங்கிள் சார்? பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா, அத்தை புருஷனா?" கேட்டவர் வக்கீல் குமாஸ்தா.

"இங்கிலீஷ்ல அந்தப் பிரிவெல்லாம் இல்லைங்க. எல்லாருமே அங்கிள்தான்."

"அப்பப் பாகப்பிரிவினை எப்படிப் பண்றாங்க? பெரியப்பான்னா அவர் பிள்ளைங்க சும்மா விடுவாங்களா? உயில் ரெஜிஸ்டர் ஆயிருக்கா?"

புத்தகத்தில் அந்த விவரம் இல்லை. அவர் விடுகிற வழியாகவும் இல்லை. இதற்குள் மளிகைக் கடைத் தம்பி வேறு, "எதிர்வீட்டு அங்கிளா இருந்தா?" என்றான். அறிமுகமில்லாத பெரியவரையெல்லாம் அவர்கள் அப்படிக் கூப்பிட மாட்டார்கள் என்றதும், "பின்ன எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று வகுப்பே கவலைப்பட்டது.

அகராதிக்காரர்களும் இந்த அவதி பட்டிருக்கிறார்கள். வங்காளத்தில் கல்வித் துறையில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட், 1935இல் ஓர் அகராதி கொண்டுவந்தார். சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் வெறும் 1,490 சொற்களை வைத்தே பொருள் சொல்லிவிட்டார். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப்போய், அந்தப் பொருளுக்குப் பொருள் தேடி, கடைசியில் பசங்க தூங்கிப்போவதைப் பார்த்திருப்பார் போல. இன்று ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் விற்கும் மாணவர் அகராதியின் மூலமும் இங்கிலாந்தில் உருவாகவில்லை. ஹார்ன்பி என்பவரும் சகாக்களும் ஜப்பானில் உட்கார்ந்து தொகுத்தது. 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. இந்த வேலைக்கு இங்கிலீஷ் தெரிந்தால் போதாது, "சார், ஒரு டவுட்" என்று கேட்கிறவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த 'டவுட்'டே ஒரு வம்பு. நமக்கு அது பாடத்தில் புரியாத இடம். வெள்ளைக்கார மேனேஜரிடம் போய் 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால், தான் சொன்னதை இவன் நம்பவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைக்கக்கூடும். இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சார், ஒரு டவுட்."

பதிலுக்கு வெள்ளைக்காரர்களும் நம்மைச் சும்மா விடவில்லை. நம் மிளகுத்தண்ணி 'மல்லிகடானி' என்ற பெயரில் ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதன் செய்முறை ஒன்றை வகுப்பில் வாசிக்கக் கொடுத்தேன். கோழிக்கறி, ஆப்பிள், கறிப்பொடி, கொஞ்சம் க்ரீம். முன்வரிசை அம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடினார்.

"ஏன் சார், ஜுரம் வந்தா இதையா கரைச்சுக் குடுப்பாங்க?"