நாலாம் நாள் வியாதி

கே: ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி நடைப்பயிற்சியை ஆரம்பிக்கிறேன். நாலாம் தேதி நின்றுவிடுகிறது. ஊக்கம் குறையாமலிருக்க என்ன வழி?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: ஊக்கத்தை நம்பினால் அப்படித்தான். பல் தேய்க்க யாராவது ஊக்கம் தேடுகிறார்களா? 2010இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், பழக்கம் ஒட்டிக்கொள்ளச் சராசரியாக 66 நாள் ஆனது. இடையில் ஒரு நாள் தவறியதால் குடி முழுகிவிடவும் இல்லை. நீங்களோ நாலாம் நாளே கடையைக் கட்டிவிடுகிறீர்கள்! தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்று கேட்டு மிரண்டீர்களோ? அது 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர். டாக்டர் சீட்டு அல்ல. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உடற்பயிற்சிதான். பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வந்து கேட்டைத் தட்டினால் போர்வைக்குள் ஒளிய முடியாது. போகிற வழியில் வடை போடும் டீக்கடை மட்டும் இருக்கக் கூடாது. நான் நடந்தே இரண்டு கிலோ ஏறியவன்.